நகர மக்களிடையே இருதய, இரத்தக் குழாய் நோய்களால் நேரும் மரணங்கள்

நகரில் ஒருவர் இறந்தால், அம்மரணம் 21 நாட்களுக்குள் பதிவாளரிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வகுத்துள்ள முறையாகும். பெரும்பாலான குடும்பங்கள் இப்பதிவை வாரிசுரிமைக்கும் காப்பீட்டுத் தொகைக்கும் வேண்டிய ஓர் ஆவணமாகவே கருதுகின்றன. ஆனால் சுகாதார இயலின் நோக்கில் அதற்கு வேறொரு பயனும் உண்டு. ஓராண்டில் சேரும் இப்பதிவுகளை வயது, பால், இறப்பின் காரணம் என்ற முறையில் வகைப்படுத்திப் பார்த்தால், அந்நகர மக்கள் எந்நோயால், எந்த வயதில் இறக்கின்றனர் என்பது புலனாகும். உயிரோடிருப்போரைக் காக்க எங்கே முயல வேண்டும் என்பதற்கு அதுவே வழிகாட்டி.

இந்திய நகரங்களின் இறப்புப் பட்டியல்களில் இன்று முதலிடம் பெறுவன இருதயத்தையும் இரத்தக் குழாய்களையும் பற்றிய நோய்களே. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளாக இருந்தது. அந்நாளில் அம்மை, காலரா, மலேரியா, காசநோய், பிரசவ காலத் துன்பங்கள் ஆகியவை மக்களை இளமையிலேயே கொண்டு சென்றன. 2016–20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி சராசரி ஆயுள் 70 ஆண்டுகள். தொற்றுநோய்களிலிருந்து தப்பியவர்கள் நடுவயதையும் முதுமையையும் எட்டுகின்றனர். அவ்வயதுகளுக்குரிய நோய்களும் அவர்களைச் சூழ்கின்றன. ஆகவே இருதய நோயின் பங்கு பெருகியதில் ஒரு பகுதி ஆயுள் நீண்டதன் விளைவாகும். எஞ்சிய பகுதியோ தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது.

இப்பிரிவில் அடங்கும் நோய்கள்

உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் சர்வதேச நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பத்தாவது திருத்தத்தில், இரத்த ஓட்ட மண்டல நோய்கள் ஒன்பதாம் அத்தியாயத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் நகர மரணங்களைப் பொறுத்தமட்டில் நான்கு வகைகள் முக்கியமானவை.

முதலாவது, இருதய இரத்த ஓட்டக் குறை நோய். இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரித் தமனிகள் குறுகுவதாலோ அடைபடுவதாலோ இது உண்டாகிறது. மாரடைப்பு இதன் கடுமையான வெளிப்பாடு. இரண்டாவது, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடித்துக் கசிவதாலோ நேரும் நோய். பக்கவாதம் என மக்கள் வழங்குவது பெரும்பாலும் இதுவே. மூன்றாவது, நெடுங்கால இரத்த அழுத்த மிகுதியால் இருதயமும் சிறுநீரகமும் கெடுவது. நான்காவது, ருமாட்டிக் இருதய நோய். இது சிறுவயதில் தொண்டையில் ஏற்படும் ஒருவகைப் பாக்டீரியாத் தொற்றைத் தொடர்ந்து வந்து, இருதய வால்வுகளைச் சிதைப்பது. நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் ஏழைச் சிறுவர் சிறுமியரையே இது பெரிதும் தாக்குகிறது. தக்க காலத்தில் பெனிசிலின் அளித்தால் இதனைத் தடுக்கலாம்.

இந்நால்வகையும் ஒரே தலைப்பின் கீழ் வருவதால் அவற்றின் காரணங்களும் ஒன்றே எனக் கொள்ளலாகாது. பதினெட்டு வயதுப் பெண் வால்வுக் கோளாறால் இறப்பதும், எழுபத்தெட்டு வயது முதியவர் மூளை இரத்தக் கசிவால் இறப்பதும் பட்டியலில் ஒரே கூட்டுத் தொகையில் சேர்கின்றன. ஆனால் அவற்றைத் தடுக்கும் வழிகள் முற்றிலும் வெவ்வேறு.

மரணச் சான்றிதழை எழுதும் முறை

இருதயம் நிற்காமல் எவரும் இறப்பதில்லை. ஆகையால் ‘இருதயம் நின்றதால் மரணம்’ என்று எழுதுவது, ‘இறந்ததால் மரணம்’ என்று எழுதுவதற்கு ஒப்பாகும். இறப்பின் காரணத்தைக் குறிக்கும் மருத்துவச் சான்றிதழ் இக்குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டே இரு பகுதிகளாக அமைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவமனையில் நேரும் மரணங்களுக்கு நான்காம் படிவமும், வெளியே நேரும் மரணங்களுக்கு ‘4அ’ படிவமும் பயன்படுகின்றன.

முதற்பகுதியில், மரணத்தை நேரடியாக விளைவித்த நிலை முதல் வரியிலும், அதற்கு முன்னோடியாக இருந்தது அடுத்த வரியிலும், எல்லாவற்றுக்கும் மூலமாக இருந்தது கடைசி வரியிலும் எழுதப்பட வேண்டும். ஒவ்வொன்றும் தோன்றியதற்கும் மரணத்துக்கும் இடையே கழிந்த காலமும் குறிக்கப்பட வேண்டும். இரண்டாம் பகுதியில், இந்தத் தொடரில் நேரே இடம்பெறாவிடினும் மரணத்துக்குத் துணைபுரிந்த பிற நோய்கள் எழுதப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஆலைத் தொழிலாளி ஒருவர், வயது 54. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். நெஞ்சுவலியுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டாம் நாள் இறக்கிறார். இவரது சான்றிதழின் முதல் வரியில், இருதயம் போதிய இரத்தத்தை வெளியேற்ற இயலாமையால் நேர்ந்த அதிர்ச்சி நிலை, ஆறு மணி நேரம். இரண்டாம் வரியில், மாரடைப்பு, இரண்டு நாட்கள். மூன்றாம் வரியில், கரோனரித் தமனித் தடிப்பு, பல ஆண்டுகள். இரண்டாம் பகுதியில், நீரிழிவு, பன்னிரண்டு ஆண்டுகள் என்று எழுதப்பட வேண்டும். இதனைப் படிக்கும் புள்ளிவிவர அலுவலர் இம்மரணத்தை இருதய இரத்த ஓட்டக் குறை நோயின் கீழ்த் தயக்கமின்றிச் சேர்ப்பார். அத்துடன், நீரிழிவைக் கட்டுப்படுத்தியிருந்தால் இம்மரணம் தள்ளிப்போயிருக்கக்கூடும் என்ற குறிப்பும் பதிவில் நிலைபெறுகிறது.

அதே சான்றிதழில் ‘இருதய, சுவாசச் செயலிழப்பு’ என்ற சொற்கள் மட்டும் எழுதப்பட்டிருந்தால் என்ன நேரும்? காசநோயால் இறந்தவருக்கும், சிறுநீரகம் கெட்டு இறந்தவருக்கும், மாரடைப்பால் இறந்தவருக்கும் அச்சொற்கள் பொருந்தும். அவை காரணம் தெளிவுறாத மரணங்களாகவே ஒதுங்கும். அல்லது இருதய நோய்ப் பட்டியலில் தவறாக இடம்பெறும். இத்தகைய பிழை இருதய நோயின் தொகையைச் சில இடங்களில் மிகைப்படுத்துகிறது. சில இடங்களில் குறைத்தும் காட்டுகிறது.

சென்னையில் நடைபெற்ற ஓர் ஆய்வு இக்குறையின் அளவை எடுத்துக்காட்டியது. மரணம் நேர்ந்தது என்னும் செய்தி அந்நகரில் ஏறக்குறைய முழுமையாகவே பதிவாகி வந்தது. ஆனால் மரணத்தின் காரணம் பல பதிவுகளில் தெளிவாக இல்லை. 1995–97இல் அந்நகரில் இறந்த, 25 வயதும் அதற்கு மேலும் உடைய ஏறத்தாழ 48,000 பேரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் சென்றனர். இறந்தவருக்கு இருந்த நோய்க்குறிகள், அவை தோன்றிய வரிசை, நீடித்த காலம் ஆகியவற்றை உறவினரிடம் கேட்டு எழுதினர். அக்குறிப்புகளை மருத்துவர்கள் ஆராய்ந்து மரணத்தின் மூல காரணத்தை நிர்ணயித்தனர். வாய்மொழி விசாரணை எனப்படும் இம்முறையால், நடுவயது மரணங்களில் காரணம் குறிப்பிடப்படாதவற்றின் பங்கு பெரிதும் குறைந்தது. வி. கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோ முதலியோர் இம்முடிவுகளை 2002இல் வெளியிட்டனர்.

எண்ணிக்கை, பங்கு, வீதம்

மரணக் காரணங்கள் சரியாக எழுதப்பட்டுவிட்டன என்றே கொள்வோம். அப்பொழுதும் அவற்றிலிருந்து முடிவு காண்பதில் மூன்று சொற்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். எத்தனை பேர் இறந்தனர் என்பது எண்ணிக்கை. இறந்தோர் நூற்றுவரில் எத்தனை பேர் இந்நோயால் இறந்தனர் என்பது பங்கு. உயிருடன் உள்ள ஆயிரம் பேரில் ஓராண்டில் எத்தனை பேர் இந்நோயால் இறக்கின்றனர் என்பது வீதம்.

2020ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான மரணங்களுள் 22.5 சதவீதமே மருத்துவச் சான்று பெற்றவை. அவ்வாறு சான்று பெற்ற மரணங்களில் 32.1 சதவீதம் இரத்த ஓட்ட மண்டல நோய்களால் நேர்ந்தவை. இந்த 32.1 என்பது ஒரு பங்கு மட்டுமே. இந்தியரில் மூன்றில் ஒருவர் இருதய நோயால் இறக்கிறார் என்று இதனைக் கொண்டு கூறிவிட முடியாது. சான்று பெற்ற மரணங்கள் பெரும்பாலும் மருத்துவமனைகளில் நேர்பவை. அம்மருத்துவமனைகளோ பெரும்பாலும் நகரங்களில் உள்ளவை. மேலும், வேறொரு நோய் குறைந்தால், இருதய நோய் சிறிதும் பெருகாமலேயே அதன் பங்கு கூடிவிடும். அயலூரிலிருந்து சிகிச்சைக்கு வந்து நகர மருத்துவமனையில் இறந்தவரை அந்நகரவாசியாகக் கணக்கிட்டுவிடும் பிழையும் உண்டு. ஆதலின் இறந்த இடத்தோடு வசித்த இடத்தையும் பார்த்தல் இன்றியமையாதது.

வீதத்தைக் கணிப்பதிலும் வயதமைப்பைக் கருதாவிடில் தவறு நேரும். பாடத்தின் பொருட்டுக் கற்பனையாக இரண்டு நகர வட்டாரங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 30 வயதைக் கடந்தோர் 10,000 பேர். முதலாவது பழைய குடியிருப்பு. அங்கே 60 வயதுக்குட்பட்டோர் 8,000 பேர், அதற்கு மேற்பட்டோர் 2,000 பேர். இரண்டாவது புதிய தொழிற்சாலைப் பகுதி. அங்கே 60 வயதுக்குட்பட்டோர் 9,500 பேர், அதற்கு மேற்பட்டோர் 500 பேர். ஓராண்டில் பழைய குடியிருப்பில் இருதய, இரத்தக் குழாய் நோய்களால் இளையோரில் 16 பேரும் முதியோரில் 40 பேரும், ஆக 56 பேர் இறந்தனர். தொழிற்சாலைப் பகுதியில் இளையோரில் 38 பேரும் முதியோரில் 12 பேரும், ஆக 50 பேர் இறந்தனர்.

மொத்த வீதத்தைக் கணித்தால் பழைய குடியிருப்பில் ஆயிரத்துக்கு 5.6, தொழிற்சாலைப் பகுதியில் 5.0. தொழிற்சாலைப் பகுதியே நலமானது எனத் தோன்றும். வயதுவாரியாகப் பார்த்தால் உண்மை தலைகீழாக இருக்கிறது. இளையோரிடையே பழைய குடியிருப்பில் ஆயிரத்துக்கு 2 பேரும், தொழிற்சாலைப் பகுதியில் 4 பேரும் இறக்கின்றனர். முதியோரிடையே அத்தொகைகள் முறையே 20, 24. இரு வட்டாரங்களின் மக்களையும் ஒன்றுகூட்டிக் கிடைக்கும் வயதமைப்பையே பொது அளவாகக் கொண்டு இரண்டையும் கணித்தால், பழைய குடியிருப்பின் வீதம் 4.25 ஆகவும், தொழிற்சாலைப் பகுதியின் வீதம் 6.5 ஆகவும் அமையும். இதற்கு வயதுச் சீரமைப்பு என்று பெயர். ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மரண வீதங்களை ஒப்பிடும்பொழுது இச்சீரமைப்பு செய்யப்பட்டதா என்று கேட்பது முதற்கடமை.

ரெயில்வே ஊழியரிடமிருந்து கிட்டிய பாடம்

இந்தியாவில் இத்துறையில் நிகழ்ந்த பழைய பெரிய ஆய்வுகளுள் ஒன்று ரெயில்வே ஊழியரைப் பற்றியது. ரெயில்வே மருத்துவ அதிகாரியாயிருந்த எஸ். எல். மல்ஹோத்ரா, 18 முதல் 55 வரை வயதுடைய ஏறத்தாழ 11.5 இலட்சம் ஊழியரிடையே 1958–62ஆம் ஆண்டுகளில் இருதய இரத்த ஓட்டக் குறை நோயால் நேர்ந்த மரணங்களைத் தொகுத்து, 1967இல் வெளியிட்டார். தென்னிந்திய ஊழியரிடையே இம்மரண வீதம் வட இந்திய ஊழியருடையதைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு இருந்தது. இறந்தோரின் சராசரி வயதும் வடக்கில் 52, தெற்கில் 44 என வேறுபட்டது.

ஒரே நிறுவனத்தின் ஊழியர், பெரும்பாலும் ஒரே தன்மையான வேலை, தொழிலின் பொருட்டு வைக்கப்பட்டிருந்த பதிவேடு ஆகியவை இவ்வாய்வுக்கு வலிமையூட்டின. இவ்வேறுபாட்டுக்கு உணவிலுள்ள கொழுப்பின் வகையே காரணமாயிருக்கலாம் என்று அவர் கருதினார். ஆயினும் இரு பகுதி மக்களிடையே உணவு மட்டுமே வேறுபடுவதில்லை. நீரிழிவு, பரம்பரை இயல்பு, புகையிலைப் பழக்கம், நோயைக் கண்டறியும் வசதி எனப் பலவும் வேறுபடக்கூடும். இரண்டு செய்திகள் ஒருங்கே காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. இவ்வாய்வு ஐயத்துக்கிடமின்றி உணர்த்திய செய்தி வேறு: உழைக்கும் வயதிலுள்ள இந்தியரிடையே இருதய நோய் மரணம் அன்றே இருந்தது.

நகரத்துக்கு மட்டும் உரியதா?

இருதய நோய் நகரத்துச் செல்வரின் நோய் என்ற எண்ணம் நெடுங்காலமாக நிலவிவந்தது. 1960இல் ஆக்ராவில் வெளியான கணிப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கும், 1968இல் சண்டிகாரில் வெளியான கணிப்பில் நூற்றுக்கு 6.6 பேருக்கும் கரோனரி நோய் காணப்பட்டது. 2001இல் வெளியான சென்னை நகர மக்கள் ஆய்வில் அது நூற்றுக்கு 11 ஆக இருந்தது. ஆராய்ந்த வயதும் நோயறியும் முறையும் வேறானமையால் இம்மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிடலாகாது. எனினும் நகரங்களில் நோய் வளர்ந்துவந்த திசை அவற்றில் தெரிகிறது.

மாநிலவாரியாக நோய்ச் சுமையைக் கணித்த ஆய்வாளர்கள், இந்தியாவில் நேர்ந்த மொத்த மரணங்களில் இருதய, இரத்தக் குழாய் நோய்களின் பங்கு 1990இல் 15.2 சதவீதமாகவும், 2016இல் 28.1 சதவீதமாகவும் இருந்ததாக மதிப்பிட்டனர். 2016இல் இருதய இரத்த ஓட்டக் குறை நோய் மட்டும் 17.8 சதவீத மரணங்களுக்கும், பக்கவாதம் 7.1 சதவீத மரணங்களுக்கும் காரணமாயிற்று. இந்நோய்களால் இறந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் 70 வயதை எட்டாதவர்கள்.

ஆனால் கிராமங்களின் நிலை பழைய எண்ணத்தைப் பொய்யாக்கியது. ஆந்திரப் பிரதேசத்தின் கிழக்கு, மேற்கு கோதாவரி மாவட்டங்களில் 45 கிராமங்களில் 2003–04இல் நேர்ந்த மரணங்களை வாய்மொழி விசாரணையால் ஆராய்ந்தபோது, 32 சதவீதம் இரத்த ஓட்ட மண்டல நோய்களால் நேர்ந்தவை எனத் தெரிந்தது. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் மாதிரிப் பதிவு முறையோடு இணைந்து 2001 முதல் 2013 வரை நடைபெற்ற பெரிய மரண ஆய்வு, 2018இல் வெளியான முடிவில் மேலும் ஒன்றைக் காட்டியது. 30 முதல் 69 வரையிலான வயதில் இருதய இரத்த ஓட்டக் குறை நோயால் இறக்கும் வாய்ப்பு ஆண்களிடையே 2000இல் 10.4 சதவீதமாக இருந்து 2015இல் 13.1 சதவீதமாயிற்று; பெண்களிடையே 4.8 சதவீதத்திலிருந்து 6.6 சதவீதமாயிற்று. இவ்வுயர்வு கிராமங்களில் விரைவாக இருந்தமையால், கிராமப்புற வீதம் நகர்ப்புற வீதத்தையே மிஞ்சிவிட்டது. அதே காலத்தில் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் பக்கவாத மரண வாய்ப்பு குறைந்தது.

நகரமும் கிராமமும் இன்று ஒரே நோய்க்கு ஆளாகின்றன. நகரத்தில் மருத்துவமனை அருகில் உள்ளது. ஆனால் நகரவாசிகள் எல்லோருக்கும் அது ஒரே அளவில் எட்டுவதில்லை என்பதைப் பின்வரும் பகுதி காட்டும்.

வருமானம் ஈட்டும் வயதில் நேரும் மரணம்

52 நாடுகளில் முதல் மாரடைப்புக்கு ஆளானோரை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வின் தொடர்ச்சியாக, தெற்காசியரைப் பற்றிய தனி முடிவுகள் 2007இல் வெளிவந்தன. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியரிடையே 53.0, பிற நாட்டினரிடையே 58.8. ஆறாண்டுகள் என்பது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் ஐம்பத்து மூன்று வயதில் ஒரு தந்தையின் மகளுக்குத் திருமணம் ஆகாமல் இருக்கலாம். மகன் கல்லூரியில் பயின்றுகொண்டிருக்கலாம். வீட்டுக் கடன் தீராமல் இருக்கலாம். அவ்வயதில் நேரும் மரணம் குடும்பத்தின் வருமானத்தையும் உடன் கொண்டு செல்கிறது.

2001 முதல் 2005 வரை 10 வட்டாரங்கள், 50 நகரங்களில் உள்ள 89 மருத்துவமனைகளில் சேர்ந்த 20,937 மாரடைப்பு நோயாளிகளைப் பற்றிய பதிவேட்டின் முடிவுகள் 2008இல் வெளியாயின. இவற்றில் நோயாளிகளின் சராசரி வயது 57.5. நோய்க்குறி தோன்றியதிலிருந்து மருத்துவமனையை அடைய எடுத்துக்கொண்ட நேரத்தின் நடு அளவு 360 நிமிடங்கள், அஃதாவது ஆறு மணி நேரம். மருத்துவமனையை அடைந்தபின் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து தர மேலும் 50 நிமிடங்கள் ஆயின. முப்பது நாட்களுக்குள் இறந்தோர் செல்வரிடையே 5.5 சதவீதம், ஏழைகளிடையே 8.2 சதவீதம். பெற்ற சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கிலிருந்து நீக்கியபோது இந்த ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஒரே நகரத்தில், ஒரே நோயில், கிடைத்த சிகிச்சையே பிழைப்பதையும் இறப்பதையும் பெரிதும் தீர்மானித்தது என்பது இதனால் தெளிவு.

உடலில் நிகழ்வது என்ன?

தமனியின் உட்சுவரில் கொழுப்புப் பொருள் சிறிது சிறிதாகப் படிவது இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் அதனால் எத்துன்பமும் தோன்றுவதில்லை. மிகுந்த இரத்த அழுத்தம் அச்சுவரை இடைவிடாமல் தாக்கித் தடிப்பை வளர்க்கிறது. புகையிலைப் புகை சுவரின் மெல்லிய உட்படலத்தைக் கெடுப்பதோடு, இரத்தம் எளிதில் உறையவும் செய்கிறது. நீரிழிவு இவ்விரு கேடுகளையும் விரைவுபடுத்துகிறது. இறுதியில் ஒருநாள் அத்தடிப்பின் மேலுறை கிழிகிறது. அவ்விடத்தில் உறையும் இரத்தம் குழாயை அடைக்கிறது. இரத்தம் பெறாத இருதயத் தசை அரைமணி நேர அளவிலேயே மடியத் தொடங்கி, அடுத்த சில மணி நேரத்தில் அழிவு பரவுகிறது. மருத்துவமனையை அடைய ஆகும் ஆறு மணி நேரம் எவ்வளவு கொடியது என்பதை இதனின்று உணரலாம்.

நகர வாழ்க்கை இந்நிகழ்ச்சிக்குப் பல வகையில் துணைபோகிறது. நடந்து செல்லும் தூரம் குறைந்து, அமர்ந்து செய்யும் வேலை பெருகியுள்ளது. கடைகளில் விற்கும் வறுவலிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் உப்பு மிகுதி. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் பரிந்துரை. வாகனப் புகை கலந்த காற்றும் இரத்தக் குழாய்களுக்குத் தீங்கு செய்கிறது. வனஸ்பதி முதலியவற்றில் இருந்துவந்த டிரான்ஸ் கொழுப்பை, எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் 2 சதவீதத்துக்கு மிகாமல் இருத்த வேண்டும் என்ற விதி 2022 ஜனவரி முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது.

நீரிழிவின் பங்கைச் சென்னை நகர மக்கள் ஆய்வின் தொடர்ச்சி நன்கு காட்டிற்று. 2006இல் வெளியான அதன் முடிவுப்படி, ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் நீரிழிவுடையோர் 18.9 பேரும், நீரிழிவில்லாதோர் 5.3 பேரும் இறந்தனர். நீரிழிவுடையோரின் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை இருதய, இரத்தக் குழாய் நோய்களால் நேர்ந்தவை.

தடுக்கும் வழிகள்

இரத்த அழுத்த மிகுதி பெரும்பாலோருக்கு எவ்வித நோய்க்குறியும் காட்டுவதில்லை. அளந்து பார்த்தாலன்றி அறிய இயலாது. 2019–21இல் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணிப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 21 சதவீதத்தினரும் ஆண்களில் 24 சதவீதத்தினரும் இந்நிலையில் இருந்தனர். இவர்களைக் கண்டறிந்து தொடர்ந்து மாத்திரை வழங்கும் நோக்குடன் இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி 2017இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து இம்மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்த்து வருகிறது. மாத்திரையை உட்கொண்டு அழுத்தம் குறைந்ததும், நோய் தீர்ந்தது என்று எண்ணி நிறுத்திவிடுவது மிகப் பரவலான தவறு. அழுத்தம் குறைந்திருப்பது மருந்தின் செயல். மருந்தை நிறுத்தினால் அது மீண்டும் உயரும்.

ஒருமுறை மாரடைப்போ பக்கவாதமோ வந்து பிழைத்தவருக்குத் தொடர் மருந்து இன்னும் முக்கியம். மேலே குறித்த நாடளாவிய மரண ஆய்வில், இருதய நோய் உண்டென்று முன்னரே அறிந்திருந்து இறந்தவர்களில் பாதிப்பேராவது முறையாக மருந்து உட்கொள்ளாதவர்கள். அவர்களுடைய நோய் கண்டறியப்பட்டுவிட்டது. மருந்தும் விலை மிக்கதன்று. ஆயினும் இரண்டுக்குமிடையே தொடர்பு அறுந்துவிட்டது.

சிகிச்சைக்கு ஆகும் நேரத்தைக் குறைக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளை, இருதயக் குழாய் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து நான்கு தொகுதிகளாகச் செயல்படுத்திய திட்டத்தின் முடிவு 2017இல் வெளியாயிற்று. சிறிய மருத்துவமனையிலேயே இருதய மின்வரைபடம் எடுத்து, இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தளித்து, பின்னர் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது அதன் முறை. ஓராண்டுக்குள் இறந்தோரின் வீதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. நெஞ்சின் நடுவே அழுத்தும் வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமின்றி வியர்த்தல், மூச்சுத் திணறல் ஆகியவற்றை வாயுக் கோளாறு என்று எண்ணி வீட்டிலேயே காத்திருப்பதால் இழக்கப்படும் நேரத்தை எந்த மருத்துவமனையும் திருப்பித் தர இயலாது. முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இவற்றுள் எது தோன்றினும் உடனே 108 எண்ணுக்கு அழைத்தல் வேண்டும்.

பதிவேட்டின் பயன்

இங்குக் கூறப்பட்ட வீதங்கள் யாவும், ஒவ்வொரு மரணத்தையும் யாரோ ஒருவர் பொறுப்புடன் கேட்டறிந்து எழுதி வைத்ததால் கிடைத்தவை. 1969ஆம் ஆண்டுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டபின், எவருடைய உடைமையாயினும் எல்லா மருத்துவ நிலையங்களும் இறப்பின் காரணத்தைக் குறிக்கும் சான்றிதழைப் பதிவாளருக்குக் கட்டணமின்றி அளிக்க வேண்டும். அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். அச்சான்றிதழில் ‘இருதயம் நின்றது’ என்று மட்டும் எழுதியிருந்தால், மூல காரணம் என்னவென்று மருத்துவரைக் கேட்கும் உரிமை குடும்பத்தாருக்கு உண்டு. இறந்தவரின் பிள்ளைகளுக்கு அவ்விடை நேரடியாகவே பயன்படும். தந்தை ஐம்பத்து நான்கு வயதில் கரோனரி நோயால் இறந்தார் என்று அறிந்த மகன், தன் முப்பதாம் வயதிலேயே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்துகொள்ளத் தொடங்குவான். நகராட்சிக்கோ, எந்த வட்டாரத்தில் இளையோர் மிகுதியாக இறக்கின்றனர், எங்கே மருந்தகமும் ஆம்புலன்ஸும் முதலில் தேவை என்பதை அதே பதிவுகள் தெரிவிக்கும்.